கண்ணாடி விதி

வானதி இறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

வந்துகொண்டிருந்தாள் என்று சொல்வது சரிதானா என்று தமயந்திக்குத் தெரியாது. நாற்காலி என்னவோ காலியாகத்தான் இருந்தது. குரல் மட்டும் மேசையிலிருந்து வந்தது. தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே பேசுவது போன்ற அதே குரல், எல்லாரையும் ‘கண்ணு’ என்று கூப்பிடும் அதே வாய். முதல் வாரம் ரியாஸ் எழுந்து மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டான். இரண்டு மாதத்தில் அவனும் அந்தக் குரலோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டான். மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான் என்பதுதான் மனிதனிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

அது கதையாட்டம். ஆளுக்கொரு பாத்திரத்தையும் அதற்கான சின்னப் பொம்மையையும் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். நடுவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். அவரவர் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில். வடவள்ளியில் நவநீதன் வீட்டுக் கூடத்தில் வருடக்கணக்காக நடந்துவந்த ஆட்டத்துக்குத் தமயந்திதான் நடுவர். நவநீதன் ஊமையன் என்ற பூட்டுத் திறப்பவன். ரியாஸ் ஒரு படகோட்டி. நவநீதனின் மனைவி வானதி, கொற்றி என்ற மந்திரக்காரி.

மேசை நடுவில் தோசைக்கல் அளவில் கறுப்பாக ஒரு பலகை இருக்கும். ஆடுபவர்கள் நெற்றியில் சாம்பல் நிறப் பட்டை கட்டிக்கொள்வார்கள். கதையில் பய மந்திரம் விழுந்தால் பட்டை வயிற்றை லேசாகக் கலக்கும்; தூக்க மந்திரம் விழுந்தால் கொட்டாவி வரும். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், பட்டை கேட்டுக்கொண்டும் இருந்தது. வாய் சொன்னதையும் வாய் சொல்லாமல் விட்டதையும் வாராவாரம் பலகையில் சேர்த்து வைத்தது. யாராவது ஊருக்குப் போய்விட்டால், காய்ச்சலில் படுத்துவிட்டால், சேர்த்து வைத்ததைக் கொண்டு பலகையே அவர்களுக்குப் பதிலாக ஆடும். அதற்கு நிழல் என்று பெயர். ஊருக்குப் போனவர்கள் திரும்பாமலே போனால் என்ன செய்வது என்று அதைச் செய்தவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. யோசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்களோ என்னவோ.

இந்த ஆட்டத்தில் கண்ணாடி மந்திரம் என்று ஒன்று உண்டு. கையில் கண்ணாடி ஏந்தி நின்றால் வருகிற மந்திரம் எறிந்தவரிடமே திரும்பும். ஆட்டத்தோடு வந்த விதிப் புத்தகத்தில் அந்த ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரி போதும், நான்கு பேர் ஒரு ஞாயிறு முழுக்க அடித்துக்கொள்ள.

திரும்பி வரும் மந்திரத்துக்குப் பாதி வேகமா, முழு வேகமா? முழு வேகம்தான் என்று முடிவானது. அடுத்தது, எறிந்தவர் என்றால் யார்? இந்தக் கேள்வி வந்ததே ரியாஸின் குறும்பால்தான். மந்திரத்தை எறிந்துவிட்டு, அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தன் பொம்மையை நவநீதன் கையில் திணித்துவிட்டு, “இப்ப இவன்தான் படகோட்டி, இவனை அடிச்சுக்க” என்பான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்த பிறகு, இதற்கு ஒரு விதி வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. பொம்மை யார் கையில் இருந்தாலும் சரி, எந்த நாற்காலியில் இருந்தாலும் சரி, எறியும்போது நெற்றியில் இருந்த பட்டை யாருடையதோ அவரே எறிந்தவர். தமயந்தி அதைப் பலகையிடம் சொல்லிப் பதிய வைத்தாள்.

மூன்றாவது விதி வானதியுடையது. அவள் குடும்ப நீதிமன்ற வக்கீல். ஒருவரை ஒருவர் குடைந்து கேட்கும் புருஷன் பெண்டாட்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். உண்மை மந்திரம் பற்றி அவளுக்குக் கறாரான கருத்து இருந்தது. அந்த மந்திரம் விழுந்தால் கேட்ட கேள்விக்கு உண்மை சொல்லியாக வேண்டும். உண்மையென்றால் பட்டையின் முன்புற விளக்கு வெள்ளையாக எரியும், இல்லையென்றால் சிவப்பு.

“கண்ணாடி பட்டுத் திரும்பினா அதே கேள்விக்குக் கேட்டவன் முதல்ல பதில் சொல்லட்டும்” என்றாள் வானதி. “அவன் உண்மை சொல்ற வரைக்கும் கண்ணாடி உடையக் கூடாது. அவன் சொன்னதுக்கப்பறம் வேணும்னா எதிராளி சொல்லட்டும். சும்மா கேட்டுட்டுப் போறதுக்கு அது என்ன ரயில்வே விசாரணையா?”

நெற்றியை ஏமாற்ற முடியாதா, மூச்சை அடக்கிக்கொண்டு பொய் சொன்னால் விளக்கு என்ன செய்யும் என்று ரியாஸ் கேட்டான்.

“பட்டை நெத்தியைப் பாத்துச் சொல்றதில்ல கண்ணு. இத்தனை வருஷமா உங்கிட்ட இருந்து சேத்து வெச்சிருக்குதே, அதைப் பாத்துச் சொல்லுது. இன்னைக்கு நெத்தி நடிக்கும். சேத்து வெச்சது நடிக்காது.”

ரியாஸ் அதை அனுபவித்தே தெரிந்துகொண்டான். அப்பாவின் வார்ப்படப் பட்டறைதான் தன் உயிர் என்று ஆட்டத்தில் ஒருநாள் சொன்னான், சிவப்பு எரிந்தது. சிரித்துச் சமாளித்தான். ஆனால் தூக்கம் போய்விட்டது. அந்த வருடமே பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வண்ண மீன் கடை வைத்தான், ஆளே மலர்ந்துவிட்டான். அன்றிலிருந்து பட்டை சொன்னால் சொன்னதுதான். தன் மனசு என்ன சொல்கிறது என்பதையே விளக்கைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வது என்று நான்கு பேருக்கும் பழகிப்போனது.

எல்லாப் பட்டைகளும் ஒரு எவர்சில்வர் தட்டில் கிடக்கும். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் எடுத்துக் கொடுப்பாள். ரியாஸுடையதில் ஒரு மூலை உருகியிருக்கும், பட்டறைக்காலத்து வடு. வானதிக்கு ஒரு பழக்கம். பட்டை கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று நெற்றிப் பொட்டை எடுத்துப் பட்டையின் உள்பக்கமே ஒட்டிவிடுவாள், ஆட்டம் முடிந்ததும் எடுத்து வைத்துக்கொள்வாள். குளியலறைக் கண்ணாடியிலும் அப்படித்தான். அதன் ஓரத்தில் அரக்கு நிறப் பொட்டுகள் கீழிருந்து மேலாக ஒரு வரிசை இருந்தது. அவள் போன பிறகும் நவநீதன் அதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அவள் பட்டையையும் தட்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் இடத்தில் நிழலே ஆடட்டும் என்று நவநீதன் பலகைக்குச் சொல்லிவைத்திருந்தான்.

வானதி போனது ஒரு வெள்ளிக்கிழமை. நீதிமன்றப் படியில் இறங்கும்போது தலைக்குள் நரம்பு வெடித்தது. படி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இது ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாததைப் போன வாரம்தான் நவநீதன் தமயந்தியிடம் சொன்னான். சாவதற்கு முன் புதன்கிழமை, பாத்திரம் துலக்கிக்கொண்டே வானதி அவனிடம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியட்டும், உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றாளாம். என்ன என்று கேட்டதற்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டாளாம். அந்த ஞாயிறு வரவே இல்லை.

ஒன்பது மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வரை அந்த ஒரு வாக்கியத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். தினமும் விவாகரத்து வழக்கு வாதாடுகிறவள் புருஷனிடம் தனியாகப் பேச என்ன இருக்கும்? அவள் நிழலிடம் உண்மை மந்திரம் போட்டுக் கேட்கப் போவதாகச் சொன்னான்.

இந்த ஞாயிறு ஆட்டத்துக்கு வந்த ரியாஸுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. டீ ஆறிப்போகும் வரை வாதாடினான்.

“அது அவ இல்லடா.”

“அவ இல்லன்னா அப்பறம் உனக்கு என்ன பயம்?” என்றான் நவநீதன்.

ரியாஸ் ஆறிய டீயைத் தள்ளி வைத்தான். இருவரும் தமயந்தியைப் பார்த்தார்கள். நடுவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இறந்தவளின் பீரோவைத் திறப்பது போல இது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது வருட சிநேகிதி தன்னிடமும் சொல்லாமல் என்னத்தை வைத்திருந்தாள் என்று அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த ஆசை தமயந்திக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருந்தது.

தட்டைக் கையில் எடுத்தாள். மனசு வேறெங்கோ இருந்தது. ரியாஸுக்கு ஒன்று, நவநீதனுக்கு ஒன்று கொடுத்தாள். மூன்றாவது தட்டிலேயே கிடந்தது. நவநீதன் பட்டையைக் கட்டிக்கொண்டு, என்ன இன்றைக்கு இறுக்குகிறது என்றான். தின்ற பன்னெல்லாம் தலைக்கு ஏறிவிட்டது என்றான் ரியாஸ். அன்று அவர்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

வெளியே வெயில் தணிந்து மேகம் கட்டியிருந்தது. மருதமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததில் கூடத்தில் விளக்கைப் போட வேண்டியதாயிற்று. தமயந்தி கதையைத் தொடங்கினாள். ஏழுமதில் கோட்டைக்குள், தண்ணீர் வற்றிய குளத்தின் படிக்கட்டில் ஊமையனும் படகோட்டியும் நிற்கிறார்கள். ஊமையன் கொற்றியைத் தேடிப் போகிறான். கொற்றி எங்கே?

“கொற்றி தூணுக்குப் பின்னாடி நிக்கறா” என்றது பலகை, வானதியின் குரலில். “கையில கண்ணாடி வெச்சிருக்கறா. நீ வருவேன்னு தெரியும் கண்ணு.”

தமயந்தி கதையை அங்கேயே நிறுத்தினாள். நீ என்று அது யாரைச் சொன்னது, ஊமையனையா நவநீதனையா?

நவநீதன் ஊமையன் பொம்மையை எடுத்துப் பலகையின் நடுவே வைத்தான். பகடையை உருட்டினான். நல்ல எண்தான் விழுந்தது. கேள்வியை அவன் மனப்பாடமே செய்துவைத்திருந்தான் போலிருக்கிறது, கொஞ்சமும் தடுமாறவில்லை.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து கடைசி வரைக்கும், இந்த வீட்டை விட்டுட்டுத் தனியா போயிரணும்னு மனசுல இருந்துச்சா? உண்மையைச் சொல்லு.”

பலகை தன் சொந்தக் குரலுக்கு மாறியது. அது ரயில் அறிவிப்பு மாதிரி இருக்கும். “கண்ணாடி ஏந்தப்பட்டுள்ளது. மந்திரம் எறிந்தவரிடமே திரும்புகிறது. எறிந்தவர் பதில் சொல்ல வேண்டும்.”

நவநீதன் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். பதில் சொல்வதில் என்ன கஷ்டம்? லேசாகச் சிரித்துக்கொண்டே, “இல்லை. ஒரு நாளும் இல்லை” என்றான்.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

தன் நெற்றி விளக்கைத் தானே பார்க்க முடியாது. எதிரில் இருந்த இருவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து பலகையின் கறுப்பில் தன்னைப் பார்த்தான். அங்கே அவன் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. “இல்லை” என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். புள்ளி அசையவில்லை.

“சரி, ஒரு தடவை” என்றான். மூணாறில் அறைச் சாவி தொலைந்ததற்காகப் பெரிய சண்டை வந்ததே, அன்றைக்குக் கோபத்தில் தனியாகப் பேருந்து நிலையம் வரை நடந்தானாம். அப்போது நினைத்திருக்கலாம் என்றான். சிவப்பு. மூணாறு மட்டுமில்லை, அவள் அம்மா வந்து தங்கியபோதும் சில நாள் தோன்றியிருக்கும் என்றான். சிவப்பு.

ரியாஸ் போதும், கழற்றிவிடு என்று எழுந்தான். நவநீதன் அவனைக் கையமர்த்தினான். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தன. வீட்டில் திருட்டுப் போன பிறகு பீரோவைக் கலைத்துப் பார்க்கிறவனைப் போல இருந்தான். வங்கியில் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். அவளோடு டீ குடித்ததைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் டீ குடிக்கப் பிடித்திருந்தது, அதுதானோ என்றான். சிவப்பு. குழந்தை இல்லாததைச் சொன்னான். ஒருநாள் இரவு வானதி அழுதபோது தூங்குவது போல நடித்ததைச் சொன்னான். யாருக்கும் தெரிய வேண்டியிராத விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் விளக்கு இல்லை என்றது, இன்னும் இருக்கிறது என்றது.

தமயந்தி நிறுத்தியிருக்கலாம். நடுவர் கையைத் தூக்கினால் மந்திரம் கலைந்துவிடும். கண்ணாடி உடைந்ததும் வானதி என்ன சொல்வாள் என்ற ஒன்றுக்காகக் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“சரி” என்றான் நவநீதன். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. “போறதுன்னு முடிவே பண்ணிட்டேன். சொல்றதுக்கு நாள் பாத்துட்டு இருந்தேன். போதுமா?”

விளக்கு வெள்ளையாக மாறியது.

 பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“உண்மை. கண்ணாடி உடைந்தது” என்றது பலகை. “எதிராளி பதில் சொல்ல வேண்டும்.”

வானதியின் குரல் வந்தது. அதில் அலுப்பு இருந்தது, கோபம் இல்லை.

“அதான் சொல்லிட்டேனே கண்ணு.”

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தமயந்தி காத்திருந்தாள். ரியாஸ், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனான். அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

நவநீதனின் முகத்தில் முதலில் குழப்பமும், பிறகு ஏதோ புரிந்த மாதிரி ஒரு நிம்மதியும் வந்தன. அந்த நிம்மதி பார்க்கச் சகிக்கவில்லை.

“கல்யாணம் ஆன புதுசுல ஒருக்கா கேட்டேன் தமா, என்னை விட்டுட்டுப் போயிருவியான்னு. போறதா இருந்தா சொல்லிட்டுத்தான் போவேன்னா. அதைத்தான் சொல்றா. எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லலையே. அப்ப அவ போக நினைக்கல.” நெற்றிப் பட்டையைத் தொட்டுக்கொண்டான். “நான்தான். எனக்கே தெரியாம நான்தான் நினைச்சிருக்கேன். அது அவளுக்குத் தெரிஞ்சுபோயி, அதைப் பேசத்தான் கூப்பிட்டிருக்கா.”

பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். தமயந்தி ஏதோ ஆறுதல் சொல்ல நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவே, அரக்கு நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

தமயந்தி தட்டைப் பார்த்தாள். அதில் கிடந்த மூன்றாவது பட்டையின் உள்பக்கம் வெறுமையாக இருந்தது. அதுதான் நவநீதனுடையது. அவள் எடுத்துக் கொடுத்தது வானதியுடையதை. கடைசி ஆட்டத்தன்று ஒட்டிய பொட்டை எடுத்துக்கொள்ள வானதி மறந்திருக்கிறாள். காய்ந்த பசை அவன் வியர்வையில் ஊறி நெற்றிக்கு வந்துவிட்டது. பட்டை யாருடையதோ அவரே எறிந்தவர். மந்திரம் வானதியிடம்தான் திரும்பியது. இத்தனை நேரம் பலகை ஒத்துப் பார்த்ததெல்லாம் வானதி சேர்த்து வைத்த மனசை. மூணாறு இல்லை, அம்மா இல்லை, டீ இல்லை. முடிவு பண்ணியாகிவிட்டது, சொல்ல நாள் பார்த்தாகிவிட்டது. நவநீதன் வாயால் வானதிதான் பதில் சொன்னாள். அதான் சொல்லிட்டேனே.

உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பொய்யிலிருந்து பிழைத்துக்கொள்வான். ஆனால் இத்தனை வருட வாழ்க்கை கையிலிருந்து போய்விடும். சொல்லாவிட்டால் அவள் கடைசிவரை அவனுடையவளாகவே இருப்பாள். அவன் துரோகியாக வாழ்ந்துவிட்டுப் போவான். தவிர, இது யாருடைய ரகசியம்? கண்ணாடியை ஏந்தி நின்றதே அவள் இதைக் கொடுக்க விரும்பாததால்தானே? தமயந்தி சொல்ல வாயெடுத்தாள்.

“முகம் கழுவிட்டு வர்றேன்” என்று நவநீதன் எழுந்தான்.

குளியலறையில் கண்ணாடி இருக்கிறது என்பது கதவு சாத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவசரமாக மேசையில் கிடந்த பட்டையைத் தட்டில் போட்டு, தட்டில் இருந்ததை மேசையில் வைத்தாள். மாற்றி வைத்த கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். நெற்றியில் ஒன்றும் இல்லை. கழுவியதில் போயிருக்கும், தண்ணீரோடு போயிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு மூச்சு வந்தது.

ரியாஸ் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தான். பிறகு, இனிமேல் நிழல் வேண்டாம், வானதியின் இடத்தை மூடிவிடலாம் என்றான். ரியாஸ் அவன் தோளைத் தட்டினான். அவனுக்கு அதுதான் ஆரம்பத்திலிருந்தே ஆசை.

“தமா” என்றான் நவநீதன். “எந்திரிச்சுப் போனப்ப ஏதோ சொல்ல வந்தாப்பல இருந்துச்சே?”

“ஒண்ணுமில்ல.”

அவளைச் சிறிது நேரம் பார்த்தான். “சரி” என்று தலையை ஆட்டினான்.

பலகையிடம் அவனே சொன்னான். வானதியின் இடத்தை மூடவா என்று அது உறுதி கேட்டது. மூடு என்றான். கொற்றி கோட்டையை விட்டு எப்படிப் போகிறாள் என்று கதையில் சொல்ல வேண்டியது நடுவரின் வேலை. தமயந்தி வாயைத் திறப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

“சரி கண்ணு. கிளம்பறேன்.”

“போயிட்டு வா” என்றான் நவநீதன். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினான், சாரல் அடிக்க ஆரம்பித்திருந்தது.

கிளம்பும் முன் கை கழுவலாமென்று தமயந்தி குளியலறைக்குப் போனாள். தரை ஈரமாக இருந்தது. சாக்கடை மூடியருகே குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தாள்.

கண்ணாடியின் ஓரத்தில் பொட்டுகள் கீழிருந்து மேலாக வரிசையாக நின்றன. எல்லாம் பவுடர் படிந்து வெளுத்தவை. வரிசையின் உச்சியில், விரல் அழுத்திய ஈரத்தடத்தின் நடுவே, புதிதாக ஒன்று நேராக ஒட்டப்பட்டிருந்தது.